எங்கிருந்து வந்தது? பிள்ளையின் வளர்ச்சிக் குறைபாடும் தாயின் மீது விழும் பழியும்

முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாட்களில், மற்றப் பெற்றோர் எல்லோரும் போகும்வரை வகுப்பறை வாசலில் காத்து நிற்கும் ஒரு தாய் இருப்பார். ஒவ்வொரு வருடமும் ஒருவராவது இருப்பார். மகன் இன்னும் சரியாகப் பேசுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, ஓரிடத்தில் உட்காருவதில்லை என்பதை மற்றவர்கள் காதில் விழாமல் சொல்லத்தான் அந்தக் காத்திருப்பு. சென்ற வருடம் அப்படி நின்ற ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "எங்கட பக்கத்துல யாருக்கும் இப்பிடி இல்ல டீச்சர். அவங்கட பக்கத்துலயும் இல்லயாம். அப்ப இது எங்கேந்து வந்த?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் "மெல்லக் கற்போர்" என்ற தலைப்பில் இரண்டு மூன்று பாடவேளைகள் நடந்தன. அத்தோடு சரி. அதை வைத்துக்கொண்டு, பல வருடங்களுக்கு முன்னர் இன்னொரு தாயிடம் "நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள்" என்று சொன்னவள் நான். அந்தப் பிள்ளைக்கு ஓட்டிசம் என்று பின்னர் தெரிய வந்தது. அந்தத் தாயைக் கட்டுகஸ்தோட்டையில் எங்காவது கண்டால் இன்றும் எனக்கு முகம் கொடுத்துப் பேச முடிவதில்லை. அந்த வெட்கத்தில்தான் வாசிக்கத் தொடங்கினேன், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்கத் தொடங்கினேன்.

அக்குறணை, மடவளை, உடதலவின்னை, கெலிஓயா என்று கண்டியைச் சுற்றியுள்ள நமது ஊர்களில் இந்தக் கேள்விக்குத் தயாராகப் பல பதில்கள் இருக்கின்றன. கர்ப்பத்தில் மக்ரிபுக்குப் பிறகு வெளியே போனாள். கிரகண நாளில் கத்தி பிடித்தாள். கண்ணூறு பட்டது. போனைக் கையில் கொடுத்து வளர்த்தாள். வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனிக்கவில்லை. கவனித்துப் பாருங்கள், எல்லாப் பதில்களின் எழுவாயும் தாய்தான்.

படித்த உலகமும் இதைச் செய்தது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஓட்டிசத்தை 1943இல் முதன்முதல் விரிவாக எழுதிய வைத்தியர் லியோ கேனர், பிள்ளைகளின் பெற்றோர் உணர்ச்சி குறைந்தவர்களாக இருப்பதாகவும் குறிப்பிட்டார். 1967இல் அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்தை ஊரெங்கும் பரப்பியது. அத்தகைய தாய்மாருக்கு "குளிர்சாதனப் பெட்டித் தாய்மார்" என்றே பெயர் வைத்தார்கள். பிள்ளையைத் தூக்கித் திரிந்து களைத்துப்போன பெண்களுக்கு!

அதை உடைத்தது இரட்டைப் பிள்ளைகள் பற்றிய ஆய்வுதான். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கல் ரட்டர் இருவரும் பிரித்தானியாவில் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சொட்டாக ஒத்த 11 சோடிகளில் 4 சோடிகளில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவாக உருவான 10 சோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இருக்கவில்லை. வீடு ஒன்று, தாய் ஒன்று, வளர்ப்பு ஒன்று. வித்தியாசப்பட்டது மரபணு மட்டும்தான். சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் பின்னர் வந்த பெரியவை அதே திசையைத்தான் காட்டின. 2019இல் வெளியான, ஐந்து நாடுகளில் 20 இலட்சம் பிள்ளைகளைக் கொண்ட ஆய்வு, ஓட்டிசம் ஒருவருக்கு வருவதிலும் இன்னொருவருக்கு வராததிலும் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 வீதம் மரபணு சார்ந்தது என்று கணித்தது.

ஆனால் "மரபணு" என்று சொன்னவுடன் நம்மவர்கள் விளங்கிக்கொள்வது "பரம்பரை நோய்" என்று. அதற்கு அடுத்த கேள்வி: "யாருடைய பரம்பரை?" பழி மறுபடியும் தாய்வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. மரபணுக் காரணம் என்பதும் குடும்பத்தில் ஓடி வருவது என்பதும் ஒன்றல்ல. இதை விளக்க நான் ஆசிரியை என்ற முறையில் கொப்பியை உதாரணமாக எடுக்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கொப்பிகளோடு உருவாகிறது. ஒன்று உம்மாவின் கொப்பியைப் பார்த்து எழுதியது, மற்றது வாப்பாவினுடையதைப் பார்த்து எழுதியது. ஒவ்வொன்றிலும் 23 அத்தியாயங்கள்; பாடப்புத்தகத்தில் நிறமூர்த்தம் என்று நாம் படித்தது இவற்றைத்தான். அவற்றுக்குள் ஏறத்தாழ 20,000 குறிப்புகள், அவைதான் மரபணுக்கள். மூளை எப்படி வளர வேண்டும், நரம்புகள் எப்படி ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. மூளை வளர்ச்சிக் குறைபாடுகளோடு தொடர்புடைய குறிப்புகள் மாத்திரம் ஆயிரத்துக்கு மேல். "கால்" என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டு "கல்" என்று ஆகிவிட்டால் பொருளே மாறிவிடுகிறது அல்லவா, அப்படித்தான் இங்கும்.

பிழை வரும் வழிகள் பல. ஓர் அத்தியாயம் முழுவதும் ஒரு தடவை கூடுதலாகச் சேர்ந்துவிடுவது ஒன்று. 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தால் அது டவுன் சின்ட்ரோம். 1866இல் ஜோன் லாங்டன் டவுன் இதை விவரித்தார். காரணம் 1959இல்தான் பிரான்சில் ஜெரோம் லெஜூனின் குழுவினால் வெளிவந்தது. தாயின் வயது கூடக் கூட இதன் வாய்ப்புக் கூடுவது உண்மைதான். 20 வயதில் ஏறத்தாழ 1,500 பிறப்புகளுக்கு ஒன்று, 40 வயதில் ஏறத்தாழ 100க்கு ஒன்று. ஆனால் இளம் தாய்மாருக்குத்தான் அதிகப் பிள்ளைகள் பிறப்பதால், டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளின் தாய்மாரில் இளவயதினரும் நிறையப்பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரில் இது அந்தக் கருவில் மட்டும் நேர்ந்த தற்செயல். குடும்பத்தில் ஓடி வருவதல்ல.

இன்னொரு வழி, எழுதும்போது நேரும் புதுப் பிழை. உம்மாவின் கொப்பியும் சரி, வாப்பாவின் கொப்பியும் சரி; பிள்ளைக்குப் பார்த்து எழுதும்போது ஒரு கால் விடுபட்டது. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும், உங்களிடமும் என்னிடமும், இப்படிப் பல பத்துப் புதுப் பிழைகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அபூர்வமாக ஒன்று முக்கியமான இடத்தில் விழுந்துவிடுகிறது. அந்தத் தாயின் கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது: இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இல்லாமலே வரலாம். இன்னொன்று, 2012இல் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வின்படி இந்தப் புதுப் பிழைகளில் பெரும்பகுதி தந்தையின் பக்கத்திலிருந்து வருகிறது. தந்தையின் வயது ஒரு வருடம் கூடும்போது சுமார் இரண்டு பிழைகள் கூடுகின்றன. பழி போட்டே ஆக வேண்டும் என்று நிற்கும் மாமிமார் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ரெட் சின்ட்ரோம் என்ற குறைபாடு இந்த வகைதான். பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு வரும். ஒரு வயதுவரை நன்றாக இருக்கும் பிள்ளை, பழகிய சொற்களை மறந்து, கைகளைப் பயன்படுத்துவதை விட்டு, ஓயாமல் கைகளைப் பிசையத் தொடங்கும். கண்ணூறு, ஜின் என்று ஓடுவதற்கு இதைவிடப் பொருத்தமான தோற்றம் வேறில்லை. லெபனானின் பெய்ரூத்தில் பிறந்து, உள்நாட்டுப் போரினால் அமெரிக்காவுக்குப் போன ஹுதா ஸொக்பி என்ற பெண் வைத்தியர், 1983இல் இப்படியொரு சிறுமியைப் பார்த்தார். இதற்கு மரபணுக் காரணம் இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினார். குடும்பத்தில் ஓடாத நோய்க்கு மரபணுவா என்று சந்தேகித்தவர்கள் பலர். 1999இல் அவரது ஆய்வுகூடம் அந்தக் குறிப்பைக் கண்டுபிடித்தது.

மூன்றாவது வழி சற்றுச் சிக்கலானது. எக்ஸ் என்ற நிறமூர்த்தம் பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று. அதில் ஒரு பக்கம் கிழிந்தால் பெண் பிள்ளைக்கு மற்றக் கொப்பி கைகொடுக்கும், ஆண் பிள்ளைக்கு வேறு கொப்பி இல்லை. ஆண் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுக்குப் பரம்பரையாக வரும் காரணங்களில் முதலிடத்தில் இருக்கும் ஃப்ரஜைல் எக்ஸ் இப்படி வருவது. இங்கே தாய்தான் கடத்துகிறார் என்பதை மறைக்கத் தேவையில்லை. அவருக்கு அது தன் உம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம், எந்தக் குறையும் வெளியே தெரியாத வாப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம். தன் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் தெரிந்து பிறப்பதில்லை.

இனி நமது சமூகம் பேசத் தயங்கும் விடயம்: சொந்தத்துக்குள் கல்யாணம்.

எல்லோருடைய கொப்பியிலும் ஒன்றிரண்டு பக்கங்கள் கிழிந்துதான் இருக்கின்றன. மற்றக் கொப்பியில் அந்தப் பக்கம் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பக்கம் கிழிந்திருந்தால்தான் பிரச்சினை. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு கிழிந்த பக்கங்களும் சேர்ந்து வருவதற்கு. தலசீமியா வருவது இப்படித்தான். குருநாகலில் உள்ள தேசிய தலசீமியா நிலையம் திருமணத்துக்கு முன் இரத்தம் பரிசோதிக்கச் சொல்வதும் இதனால்தான். "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும்" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு முறையும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது.

மச்சான் மச்சினிக்கு ஒரே அப்பா, உம்மும்மா. அதனால் கொப்பியில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். ஒரே பக்கம் கிழிந்திருக்கும் வாய்ப்பும் அதற்கேற்பக் கூடும். மாமா மகளென்றால் கட்டலாம், சாச்சா மகள் தங்கை மாதிரி என்பது நமது தமிழ் வழக்கம். மரபணுவைப் பொறுத்தவரை இருவரும் ஒன்றுதான்.

எவ்வளவு கூடும்? இங்கிலாந்தில் பாகிஸ்தான் வம்சாவளி முஸ்லிம்கள் அதிகம் வாழும் பிரட்ஃபோர்ட் நகரில் 11,300க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது. பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 ஆக இருந்தது, மச்சான் மச்சினித் திருமணங்களில் 6 ஆகியது. இரு மடங்குதான். ஆனால் நூற்றில் 94 பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பயமுறுத்தல், மற்றதை மட்டும் சொன்னால் ஏமாற்று.

மூளை வளர்ச்சிக் குறைபாடுகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவு. பிரித்தானியாவில் காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் ஆறாயிரம் குடும்பங்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு கிழிந்த பக்கங்கள் சேர்வதால் வந்தவை ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளில் 3.6 வீதம்; பாகிஸ்தான் வம்சாவளிப் பிள்ளைகளில் 31 வீதம். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான விடயமுமல்ல. இந்தியாவின் தேசிய குடும்ப சுகாதார ஆய்வில், தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் அதிகமானவை சொந்தத்துக்குள் நடந்தவை.

மார்க்கம் இதைத் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தமது மகள் பாத்திமா (ரழி) அவர்களைத் தமது பெரிய தந்தையின் மகன் அலி (ரழி) அவர்களுக்கே மணமுடித்துக் கொடுத்தார்கள். "சொந்தத்தில் கட்டாதீர்கள், பிள்ளைகள் மெலிந்து போவார்கள்" என்ற கருத்தில் நபிமொழியாகப் பரப்பப்படும் வாசகத்துக்கு ஆதாரமில்லை என்று ஹதீஸ் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அனுமதிக்கப்பட்டது கட்டாயமும் அல்ல. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் கட்டி வந்தவர்களும், ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குக் குறைபாடு உள்ள குடும்பங்களும் நிகாஹுக்கு முன் ஒரு வைத்தியரிடம் பேசினால் என்ன குறைந்துவிடும்?

புகாரியிலும் முஸ்லிமிலும் அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கிராமவாசி ஒருவர், தன் மனைவி கறுப்பு நிறப் பிள்ளையைப் பெற்றிருக்கிறாள் என்று சந்தேகத்தோடு நபியவர்களிடம் வந்தார். அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டார்கள் நபியவர்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறமும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். முன்னைய வம்சத்தின் ஏதோவொரு வேர் இழுத்திருக்கலாம் என்றார் அவர். உன் பிள்ளையையும் அப்படியொரு வேர் இழுத்திருக்கலாம் என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார்கள். ஹதீஸுக்குள் நவீன விஞ்ஞானம் இருக்கிறது என்று நிரூபிக்க நான் வரவில்லை, அந்தப் பழக்கத்தில் எனக்கு உடன்பாடும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எங்கிருந்து வந்தது என்ற அதே கேள்வியோடு ஒரு கணவன் வந்தபோது, மனைவியின் மீது விழவிருந்த பழி அந்த இடத்திலேயே தடுக்கப்பட்டது.

எல்லாமே மரபணுதான் என்றும் இல்லை. குறைமாதப் பிறப்பு, பிரசவத்தின்போது மூச்சுத்திணறல், கர்ப்ப காலத்தில் எடுத்த சில மருந்துகள் போன்றவையும் காரணமாகலாம். வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோயேட் அவற்றில் ஒன்று. அதைச் சுயமாக நிறுத்துவதும் ஆபத்து, பிள்ளை பெற நினைக்கும்போதே வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஓட்டிசத்தில் பெரும்பாலும் ஒரே பிழை அல்ல, நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் பரிசோதித்தும் காரணம் தெரியாமல் போகலாம். தடுப்பூசியால் வருகிறது என்ற 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் வாபஸ் பெற்றுவிட்டது. நமது வட்ஸ்அப் குழுக்கள்தான் இன்னும் வாபஸ் பெறவில்லை.

காரணம் தெரிந்து என்ன பயன், மரபணுவை மாற்றவா முடியும் என்று ஒரு வாப்பா கேட்டார். நோர்வேயில் ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் அறிவு வளர்ச்சி இல்லை, இருவரிடமும் வித்தியாசமான ஒரு வாடை. வைத்தியர் வைத்தியராக ஏறி இறங்கினார். 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற வைத்தியர் பிள்ளைகளின் சிறுநீரைப் பரிசோதித்து, உணவிலுள்ள ஒரு பொருளை உடைக்க முடியாமல் அது உடம்பில் சேர்வதைக் கண்டுபிடித்தார். பி.கே.யு. என்று அதற்குப் பெயர். இரண்டு கிழிந்த பக்கங்கள் சேர்வதால் வரும் நோய்தான் அது. 1950களில் அந்தப் பொருள் குறைந்த உணவு முறை வந்தது. 1960களில் ரொபர்ட் கத்ரி பிறந்த பிள்ளையின் ஒரு துளி இரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்க வழி செய்தார். மரபணு அப்படியே இருக்கிறது, ஆனால் பிறந்தவுடன் கண்டுபிடித்து உணவை மாற்றினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல் வளர்கிறது. நமது வைத்தியசாலைகளில் பிறந்த பிள்ளையின் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுப்பதும் இதே வழியில்தான். அது தைரொயிட் குறைபாட்டைப் பார்ப்பதற்கு. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படி மருந்து கிடையாது. ஆனால் அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு எவ்வளவு என்பது காரணத்தைப் பொறுத்தே மாறுகிறது. புதுப் பிழை என்றால் நூற்றுக்கு ஒன்று அளவு. இரண்டு கிழிந்த பக்கங்கள் என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து. மூத்த மகளுக்கு வரன் வரும் நாளில் தம்பியை அறைக்குள் பூட்டி வைக்கும் வீடுகளை நான் அறிவேன். அந்தத் தம்பிக்கு இருப்பது புதுப் பிழை என்றால் அக்காவின் பிள்ளைகளுக்கு அதனால் எந்தக் கூடுதல் ஆபத்தும் இல்லை. தெரியாததால்தான் பூட்டுகிறார்கள்.

எண்ணிக்கையும் நாம் நினைப்பதைவிட அதிகம். பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில் 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. 900 பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலைக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள்.

எங்கே போவது? பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அங்கு போவதற்கு முன், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பிரிவு மிட்வைஃபிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்கில் பேசலாம். பேச்சுத் தாமதம் என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டால் வைத்தியர் சொல்வார்; கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபணுப் பிரிவு இதைப் பல தசாப்தங்களாகச் செய்து வருகிறது. சில பரிசோதனைகள் செலவு கூடியவை, எல்லாப் பிள்ளைக்கும் அவை தேவையுமில்லை. ஓதிப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஓதுங்கள், துஆ கேளுங்கள், கிளினிக் திகதியையும் தவறவிடாதீர்கள். பரிசோதனை முடிவுக்காகப் பேச்சுப் பயிற்சியைப் பிற்போடவும் வேண்டாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

சென்ற வருடம் வகுப்பறை வாசலில் நின்ற அந்தத் தாய், மகனைக் கூட்டிக்கொண்டு கண்டியில் பஸ் மாறிப் பேராதனைக்குப் போனார். வைத்தியர் ஊசி எதுவும் போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குடும்ப மரம் வரையத் தொடங்கினாராம். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். உங்கள் உம்மாவுக்கு எத்தனை சகோதரர் என்று கேட்டார். மூன்று பேர் என்றார் இவர். நன்றாகக் கேட்டுப் பார்த்து வாருங்கள் என்று வைத்தியர் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டபோது அவர் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாராம். இரவு இஷாவுக்குப் பிறகு தானாக வந்து உட்கார்ந்து, நாலு பேர் என்றார். ஒருவர் பேசவே மாட்டார், வெளியே விடாமலே வளர்த்தார்கள், பதினான்கு வயதில் மௌத்தானார். அவருடைய பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அடுத்த கிளினிக்கில் வைத்தியர் அந்த வரிசையில் இன்னொரு சதுரம் வரைந்து, அதைக் கறுப்பாகத் தீட்டினார். முடிவு இன்னும் வரவில்லை.